வாழைப்பழத்தில் ஒரு குடும்பம், பாகற்காயில் இன்னொரு குடும்பம்: பழ ஈக்களைப் பிரித்தறியும் வழிகாட்டி

சமையலறையில் வாழைப்பழச் சீப்பைச் சுற்றி வரும் சின்ன ஈக்களையும், சிங்கப்பூரின் சமூகத் தோட்டத்தில் பிஞ்சுப் பாகற்காயைத் துளைத்து முட்டையிடும் ஈக்களையும் நாம் பழ ஈ என்றே சொல்கிறோம். அதனால்தான் பாகற்கொடிக்குப் பக்கத்தில் வினிகர் கிண்ணம் வைத்துவிட்டு, "ஒரு ஈகூட விழலையே" என்று தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்கிறார்கள். விழாது. சமையலறையில் இருப்பது டிரோசோஃபிலிடே குடும்பம். கொடியில் இருப்பது டெஃப்ரிட்டிடே குடும்பம். இரண்டுக்கும் உடலமைப்பு வேறு, தீனி வேறு, புழு வளரும் இடமும் வேறு. எந்தக் குடும்பம் என்று தெரிந்த பிறகுதான் பொறி, பை, மருந்து பற்றியெல்லாம் யோசிக்க வேண்டும்.

பூச்சியியல் படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன். கைபேசி கேமரா, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், மூடியுள்ள சில பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தால் போதும்.

முதலில், அது ஈதானா?

ஈக்கள் எல்லாம் டிப்டெரா என்ற வரிசையில் அடங்கும். அவற்றுக்கு ஒரே ஒரு ஜோடிச் சிறகுதான். பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போல இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடலின் சமநிலையை உணர அவை உதவுகின்றன. தோட்டத்துப் பழ ஈ மஞ்சளும் பழுப்புமாக, இடுப்பு ஒடுங்கி, பார்வைக்குக் குளவி மாதிரியே இருக்கும். பலரும் குளவி என்று நினைத்து விலகிப் போய்விடுகிறார்கள். குளவிக்கு இரண்டு ஜோடிச் சிறகு, நீண்ட உணர்கொம்பு. ஈக்கு ஒரு ஜோடிச் சிறகு, மிகக் குட்டையான உணர்கொம்பு. அது கொட்டவும் கொட்டாது.

வீட்டுக்குள் குழப்புகிறவை வேறு. குளியலறைச் சுவரில் முக்கோணமாக, உடம்பெல்லாம் ரோமத்தோடு குட்டி விட்டில் போல ஒட்டியிருப்பது வடிகால் ஈ. தொட்டி மண்ணுக்கு மேலே கால் நீண்டு, கறுப்பாக, கொசு போலத் தள்ளாடிப் பறப்பது பூஞ்சைக் கொசு. முதுகு கூனி, பறப்பதைவிட வேகமாக ஓடுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுவது ஃபோரிட் ஈ. இவை எதுவும் பழ ஈ அல்ல. சமூகத் தோட்டத்து உரத்தொட்டியில் தடித்த பழுப்புப் புழுக்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று உரமாக்கும் நல்ல வேலையாட்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

அளவையும் இடத்தையும் பாருங்கள்

டிரோசோஃபிலா வகை ஈ 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடல். நமக்கு நன்கு பழகிய டிரோசோஃபிலா மெலனோகாஸ்டருக்குச் செக்கச்செவேல் என்ற கண்கள். சிறகில் கறை எதுவும் இல்லாமல் கண்ணாடி போல் இருக்கும். எங்கே நொதித்தல் நடக்கிறதோ அங்கே இருக்கும்: கனிந்து கறுத்த வாழைப்பழம், மறுசுழற்சிப் பையில் கழுவாமல் போட்ட பானக் குவளை, கூடையின் அடியில் கசிந்த உருளைக்கிழங்கு. நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரியாக மூடாத இட்லி மாவுப் பாத்திரம். புளிக்கும் மாவின் வாடை இவற்றுக்கு அழைப்பிதழ்தான். பூஜை மேடையில் இரண்டு மூன்று நாள் வைத்துவிடும் வாழைப்பழமும் தேங்காய் மூடியும் அப்படித்தான்.

டெஃப்ரிட்டிடே குடும்பத்தில் இங்கே நாம் பார்ப்பவை ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவு, 6 முதல் 8 மில்லிமீட்டர். செடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் காய்தான் இவற்றின் இலக்கு. சமையலறைக்குள் தேடி வருவதில்லை. வந்தால் நீங்கள் சந்தையிலிருந்து கொண்டுவந்த கொய்யாவுக்குள் புழுவாக இருந்து வெளிவந்ததாக இருக்கும்.

இந்த இரண்டு குடும்பங்களும் சின்னவை அல்ல. டெஃப்ரிட்டிடேயில் சுமார் 5000 சிற்றினங்கள் உண்டு, டிரோசோஃபிலிடேயில் 4000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை நம் பழங்களைத் தொடுவதே இல்லை. டெஃப்ரிட்டிடேயிலேயே செடித் தண்டில் முடிச்சு உண்டாக்கி அதற்குள் வாழ்பவையும், மூங்கில் குருத்தில் வளர்பவையும் இருக்கின்றன. கெட்ட பெயர் வாங்கித் தருவது ஒரு சிறு கூட்டம்.

பிடித்து, குளிரவைத்து, பாருங்கள்

பறக்கும் ஈயை உற்றுப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. டப்பாவில் பிடித்து அரைமணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். பிறகு வெள்ளைத் தாளில் கொட்டிச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

சின்ன ஈயில் உணர்கொம்பைப் பாருங்கள். அதிலிருந்து கிளம்பும் முடி, இறகு போல இருபுறமும் கிளைத்திருந்தால் டிரோசோஃபிலாதான் என்று ஏறக்குறைய உறுதி செய்யலாம். மெலனோகாஸ்டர் ஆணுக்கு வயிற்று நுனி உருண்டு கறுத்திருக்கும். பெண்ணுக்கு நுனி கூராக, கோடுகளோடு இருக்கும். பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள், மகிழ்ச்சியாகப் பிரிப்பார்கள். 1910ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் இந்த ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணுள்ள ஓர் ஆணைக் கவனித்ததிலிருந்துதான் மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பது உறுதிப்படத் தொடங்கியது. 1933ல் அவருக்கு நோபல் பரிசு. உடலின் நாள்முறைக் கடிகாரத்தைப் பற்றிய 2017 நோபலுக்கும் இதே ஈதான் அடிப்படை. வாழைப்பழத்துக்கு மேலே கையை வீசி விரட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஈயில் முதலில் நெஞ்சுப்பகுதியையும் சிறகின் முன்விளிம்பையும் பாருங்கள். மஞ்சள் பட்டைகளும் பழுப்புக் கறைகளும் தெரியும். பெண்ணாக இருந்தால் வயிற்று நுனியில் கெட்டியான ஒரு குழல் நீண்டிருக்கும். அதற்குள்தான் மடிந்து நீளும் முட்டையிடும் ஊசி இருக்கிறது. டிரோசோஃபிலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படித் தோலைத் துளைக்கும் கருவி கிடையாது. ஏற்கெனவே வெடித்த, அழுகிய இடம்தான் அவற்றுக்கு வேண்டும். குளிர் நாடுகளில் ஸ்ட்ராபெரித் தோட்டக்காரர்களை அலறவைக்கும் டிரோசோஃபிலா சுசுகி ஒரு விதிவிலக்கு. அதன் ஊசியில் ரம்பப் பல் இருக்கும்.

புழுவைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது

பறக்கும் ஈயைவிடப் புழுவே நம்பகமான சாட்சி. இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

பழுத்துக் கொட்டிய பாகற்காயைச் சுற்றி நூறு குட்டி ஈக்கள் மொய்க்கும். அதைப் பார்த்ததும் இவைதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் முதலில் வந்தது பெரிய ஈ. காய் பிஞ்சாக இருந்தபோதே துளைத்து முட்டை வைத்துவிட்டுப் போய்விட்டது. துளையின் வழியே நுண்ணுயிர்கள் புகுந்து உள்ளே அழுகியது. அந்த அழுகல் வாடைக்குத்தான் டிரோசோஃபிலா வந்தது. ஒரே காயில் இரண்டு குடும்பத்துப் புழுக்களும் இருக்கலாம்.

காயை வெட்டி, உள்ளே இன்னும் கெட்டியாக இருக்கும் சதையில் புழு இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டிச் சதையைக் குடைந்துகொண்டு, ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்த வெள்ளைப் புழு என்றால் டெஃப்ரிட்டிடே. முதிர்ந்த புழுவை ஒரு வெள்ளைத் தட்டில் போடுங்கள். வாலையும் தலையையும் சேர்த்து வளைத்துத் துள்ளிக் குதிக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் நிச்சயம் ஒரு அடி பின்வாங்குவார்கள். டிரோசோஃபிலாப் புழு இதில் பாதி நீளம்கூட இருக்காது, குழம்பிப்போன பகுதியில்தான் நெளியும், துள்ளாது.

புழுவுக்குத் தெளிவான பழுப்புத் தலையும் கால்களும் இருந்தால் அது ஈயே இல்லை, அந்துப்பூச்சியின் கம்பளிப்புழு வகை. அதற்கு வேறு வைத்தியம்.

கூட்டுப்புழு ஆகும் இடமும் வேறு. டெஃப்ரிட்டிடே புழு காயை விட்டுக் குதித்து மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போய், பழுப்பு நெல் போன்ற கூடாக மாறும். டிரோசோஃபிலா பாத்திரத்தின் உலர்ந்த சுவரில் ஏறி அங்கேயே கூடாகும். கூட்டின் ஒரு முனையில் இரண்டு குட்டிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் குப்பியின் பக்கவாட்டில் பழுப்பு அரிசி ஒட்டியது போலத் தெரிந்தால் அதுதான்.

வளர்த்துப் பார்ப்பது

சந்தேகம் தீரவேண்டும் என்றால் வளர்த்தே பார்த்துவிடலாம். ஐஸ்கிரீம் டப்பாவில் மூன்று விரற்கடை அளவுக்கு லேசாக ஈரமாக்கிய மணலோ தென்னைநார்த் துகளோ நிரப்புங்கள். அதன்மேல் ஒரு சின்னக் கம்பி வலையை வைத்து, புழு விழுந்த காயை அதில் கிடத்துங்கள். வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். துணிக்குப் பதில் மூடியில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு, ஓட்டை வழியே டிரோசோஃபிலா உள்ளே போய்விடும், கணக்கு குழம்பிவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் புழுக்கள் மணலுக்குள் இறங்கிவிடும். காயை எடுத்துப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் பக்கத்து வீட்டுக்கும் போகும். இன்னும் பத்து நாளில் ஈக்கள் வெளிவரும். வெளிவந்த உடனே படம் எடுக்காதீர்கள். புது ஈ வெளுத்திருக்கும், அடையாளங்கள் தெரியாது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைத்து மூன்று நாள் விட்டால் மஞ்சளும் கறுப்பும் தெளிவாகும்.

சில சமயம் ஈக்குப் பதிலாக மெல்லிய குளவிகள் வெளிவரும். அவற்றைக் கொல்லாதீர்கள், தோட்டத்திலேயே திறந்துவிடுங்கள். ஃபோபியஸ் அரிசானஸ் போன்ற இந்தக் குளவிகள் பழ ஈயின் முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அதன் கதையை முடிப்பவை. நம் தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இந்தக் குளவியை 1940களின் பிற்பகுதியில் ஹவாய்க்குக் கொண்டுபோய்ப் பழ ஈயைக் கட்டுப்படுத்தினார்கள்.

எந்தச் சிற்றினம்?

எந்தக் காயிலிருந்து வந்தது என்பதை எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை என்றால் முதல் சந்தேகம் சியூகோடேக்கஸ் குக்குர்பிட்டே, அதாவது பூசணிக்குடும்ப ஈ. செம்பழுப்பு உடல், நெஞ்சில் மூன்று மஞ்சள் கோடுகள், சிறகின் நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு. நடுவில் ஓடும் மூன்றாவது மஞ்சள் கோடுதான் முக்கியமான அடையாளம்.

மாம்பழம், கொய்யா, பப்பாளி, ஜம்பு என்றால் பேக்ட்ரோசெரா டார்சாலிஸ். நெஞ்சில் இருபக்கமும் இரண்டு மஞ்சள் கோடுகள் மட்டும், பழுப்பு வயிற்றில் கறுப்பாக ஆங்கில T எழுத்து, சிறகின் முன்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு. 300க்கும் மேற்பட்ட செடிகளின் பழங்களில் இது வளரும். நட்சத்திரப் பழத்தில் இதற்கு மிக நெருங்கிய உறவினரான பேக்ட்ரோசெரா காரம்போலேயும் வரும். சிறகுக் கோடு கொஞ்சம் அகலம், வயிற்றின் மூலைக் கறைகள் கொஞ்சம் சதுரம். கைலென்ஸை வைத்துக்கொண்டு இரண்டையும் அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். "டார்சாலிஸ் குழு" என்று எழுதிவிட்டு நகர்வதுதான் நேர்மை.

பலா, அதன் உறவுப் பழமான செம்படாக் ஆகியவற்றில் வருவது பேக்ட்ரோசெரா அம்ப்ரோசா. சிறகில் குறுக்கே பட்டைகள் ஓடும், இதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மிளகாய், கத்தரியில் வருவது பேக்ட்ரோசெரா லாட்டிஃப்ரான்ஸ்.

பழைய நூலில் பார்த்த பெயர் இப்போது வேறாக இருந்தால் திகைக்க வேண்டாம். பூசணிக்குடும்ப ஈயை முன்பு டேக்கஸ் என்றார்கள், பிறகு பேக்ட்ரோசெரா என்றார்கள், இப்போது சியூகோடேக்கஸ். 1994ல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட பேக்ட்ரோசெரா பப்பாயே, 2003ல் கென்யாவில் தென்பட்டு 2005ல் பெயர் பெற்ற பேக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் ஆகிய இரண்டும் டார்சாலிஸேதான் என்று 2015ல் ஒன்றாக்கப்பட்டன. வகைப்பாட்டாளர்களின் வீண் சண்டை என்று தோன்றலாம். ஆனால் ஒரு நாட்டில் எந்த ஈ இருக்கிறது என்பதை வைத்துத்தான் இன்னொரு நாடு அதன் பழங்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதற்குப் பழ ஈயும் ஒரு காரணம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் தடை நீங்கியது.

வாசனை வைத்துப் பிரிப்பது

சிறகுக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பொறியில் வைக்கும் வாசனைப் பொருள் உதவும். மெத்தில் யூஜினால் என்ற பொருளுக்கு டார்சாலிஸ், காரம்போலே, அம்ப்ரோசா ஆண்கள் வரும். கியூலூர் என்ற பொருளுக்குப் பூசணிக்குடும்ப ஈயின் ஆண்கள் வரும். மிளகாயில் வரும் லாட்டிஃப்ரான்ஸ் இரண்டையும் சட்டை செய்யாது, அதனால் பொறி காலியாக இருப்பதை வைத்து மிளகாய்ச் செடி பிழைத்தது என்று நினைக்கக்கூடாது. 1912ல் இந்தியாவின் பூசாவில் எஃப். எம். ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவுக்காகப் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை எழுதிவைத்தார். மெத்தில் யூஜினாலின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நம் துளசியிலும் அது இருக்கிறது. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளின் பல்போஃபிலம் ஆர்க்கிடுகள் சிலவும் இதே வகை வாசனையைக் காட்டி ஆண் ஈக்களை வரவழைத்து, மகரந்தத்தை அவற்றின் முதுகில் ஏற்றி அனுப்புகின்றன. ஆண் ஈ அந்த வாசனைப் பொருளைத் தின்று, பெண்ணை மயக்கும் வாசனையாக மாற்றிக்கொள்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்தப் பொறியில் விழுவது ஆண் மட்டும். காயைத் துளைப்பது பெண். வரந்தாவில் ஒரே ஒரு பொறியைத் தொங்கவிட்டால் எந்த ஈ இருக்கிறது என்று தெரியும், காய் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. பொறியில் வைக்கும் வாசனைப் பொருள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

டிரோசோஃபிலா என்று தெரிந்தால் வேலை சமையலறையில்தான். முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் ஆகிறது, நம் வீட்டில் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். ஆகவே ஒருநாள் துடைத்துவிட்டு விட்டால் போதாது, இரண்டு வாரம் விடாமல் சுத்தம் இருக்கவேண்டும். பழத்தோலைக் குப்பைக்குழாயில் போடும்வரை உறைபெட்டியில் வையுங்கள். பானக் குவளைகளைக் கழுவிவிட்டுப் பையில் போடுங்கள். வெங்காயக் கூடையை அடிவரை கவிழ்த்துப் பாருங்கள், ஈரத் துடைப்பானை வெயிலில் காயவிடுங்கள். மிச்சம் பறப்பவற்றுக்கு வினிகரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். ஸ்ப்ரே அடிப்பது பறக்கும் ஈயைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

டெஃப்ரிட்டிடே என்றால் பை போடுவதுதான் என் முதல் பரிந்துரை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மலேசியாவின் நட்சத்திரப்பழத் தோட்டங்களில் ஒவ்வொரு பிஞ்சுக்கும் பை மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாகற்பூ காய்பிடித்த இரண்டு மூன்று நாளுக்குள், விரல் நீளம் வருவதற்கு முன்பே, காகிதப் பையோ நெருக்கமான துணிப் பையோ மாட்டிக் காம்பில் கட்டுங்கள். இதற்கு மேல் தாமதித்தால் முட்டையோடு சேர்த்துக் கட்டிப் பாதுகாக்கிறீர்கள். தொட்டிச் செடியில் வண்டும் தேனீயும் குறைவாக வரும், ஆகவே காலையில் ஆண்பூவைப் பெண்பூவில் தொட்டுவிட்டுப் பிறகு பை போடுங்கள்.

துளைபட்ட காய் ஒன்றைக்கூடச் செடியிலோ மண்ணிலோ விடாதீர்கள். உரத்தொட்டியிலும் போடாதீர்கள், புழு அங்கேயே இறங்கிக் கூடாகிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டு எறியுங்கள். ஒரு பெண் ஈ வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடக்கூடியது, இங்கே குளிர்காலம் என்று ஓய்வு தரும் பருவமும் இல்லை. சமூகத் தோட்டத்தில் பக்கத்துப் பாத்திக்காரர் கொட்டிய கொய்யாவைப் பெருக்காமல் விட்டால் உங்கள் பையும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். அதனால் இதை அவரவர் பாத்தி வேலையாக விடாமல், வாரம் ஒருநாள் எல்லோருமாகச் சேர்ந்து செய்யச் சொல்லிக் கேளுங்கள். புரதமும் பூச்சிமருந்தும் கலந்த இரைத் தெளிப்பு பண்ணைகளில் பயன்படுகிறது. சமூகத் தோட்டத்தில் தெளிக்கும் முன் குழுத் தலைவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, போத்தலை வெட்டிச் செய்த எந்தப் பொறியையும் மழைச்சாரல் விழும் இடத்தில் தொங்கவிட்டு மறந்துவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு குடியேறிவிட்டால், சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் அது பழ ஈப் பொறி என்று விளக்கிப் பயனில்லை.